துடைத்தும் போகாத கறை

அன்புள்ள அப்பாவுக்கு,

என் இருமல் நின்றுவிட்டது, கவலை வேண்டாம். நீங்களும் அம்மாவும் சௌக்கியமா?

நேற்று பொழுது சாய்ந்ததும் இருபதாவது மாடியில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் ஒரு வெள்ளைத் தீற்றல். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார். "விடுப்பா, அது வானத்துல இருக்கு. புதுசா கண்டுபிடிச்ச வால் நட்சத்திரம்!"

உடனே உங்கள் மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்தது. பேப்பரைப் பிரித்ததுமே, "கறையா இருக்கு, துடைச்சுக் குடுடா" என்பீர்கள். "துடைச்சுத் துடைச்சே தேஞ்சுபோச்சுப்பா" என்று அலுத்துக்கொள்வேன். இப்போது யார் துடைத்துத் தருகிறார்கள்?

கறை கண்ணாடியில் இல்லை அப்பா. எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. இந்த வாரமே கண் டாக்டரிடம் காட்டுங்கள். வால் நட்சத்திரம் இன்னும் இரண்டு மாதம் தெரியுமாம். அதைப் பார்த்துவிட்டு, அம்மாவை எழுதச் சொல்லாமல் நீங்களே எழுதுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்