பதினான்கு டிக்

திங்கள், 3 நவம்பர்

காலை ஆறரைக்கே மழை. வேனில் துடைப்பான் ஒன்றுதான் ஆடுகிறது, அதுவும் யாரும் உட்காராத பக்கத்தில். பாஸ் குணாவிடம் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. "வாங்கிரலாம்லா" என்றார். அதையேதான் போன வாரமும் சொன்னார்.

இன்று அலாரம் சர்வீஸுக்கான பள்ளிகள்:

– பெண்கள் அஸ்ராமா, அதாவது மாணவியர் விடுதி. மூன்றாம் மாடி புகை டிடெக்டருக்குள் பல்லி முட்டை, இரண்டு. வார்டன் அருகிலேயே நின்று, "பாவம், போடாதீங்க" என்றார். முட்டைக்குப் பாவம் பார்த்தால் தினமும் விடியற்காலை பெல் அடிக்கும், நூறு பிள்ளைகள் படியிறங்கி ஓடும். எடுத்துப் போட்டேன்.

– ஆரம்பப் பள்ளி. கணினி அறையின் திருட்டு அலாரம் தினமும் பத்து மணிக்கு அலறுகிறதாம். காரணம், காற்றாடி போட்டதும் சுவரில் தொங்கும் தேசியக் கொடி ஆடுகிறது. கொடியைக் கழற்றலாமா என்று கேட்டுவிட்டேன். துணைத் தலைமையாசிரியரின் முகமே மாறிவிட்டது. சென்சாரைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

– மூன்றாவது பள்ளி, மழையால் போகவில்லை.

வலது முட்டி வீங்கியிருக்கிறது. எட்டு வருட ஏணி. அஸ்ராமாவுக்குள் ஆண்கள் போக முடியாது, அதற்காகத்தான் என்னை எடுத்ததாகக் குணா இன்றும் ஆள்களிடம் சொல்கிறார். என் மின்சாரச் சான்றிதழ் அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

வீட்டுக்காரர் சேகர் ஜொகூரிலிருந்து போன் பண்ணினார். லாரி டயர் மாற்றினாராம். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். அவ்வளவுதான் பேச்சு.

செவ்வாய், 4

வெயில். புழுக்கம்.

10.40க்குக் குணா போன். கீழ்த்தோட்டப் பள்ளியில் தீ.

கீழ்த்தோட்டம் என்பது நான் வைத்த பெயர். ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்து, தொழிலாளர் லயங்களில் பாதி இடிந்து, தமிழ்ப் பள்ளி மட்டும் நிற்கிற இடம். நான் போனபோது தீயணைப்புப் பொம்பாக்காரர்கள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாலர் வகுப்பில் சுவர்க் காற்றாடி எரிந்து, கீழே அடுக்கியிருந்த மெத்தைகளில் விழுந்திருக்கிறது. உள்ளே பதினொரு பிள்ளைகள். உதவியாளர் வாடை பிடித்து எல்லாரையும் வெளியே தள்ளியிருக்கிறார். ஒரு பெண் குழந்தைக்கு இருமல், கிளினிக் போய்த் திரும்பிவிட்டது. கடவுளே.

"பெல் அடிக்கவே இல்ல கலா, நாங்க அலாரம் பெட்டி கண்ணாடிய ஒடச்ச பெறகுதான் அடிச்சிச்சு." தலைமையாசிரியை இதை மூன்று தடவை சொன்னார்.

அண்ணாந்து பார்த்தேன். டிடெக்டரில் வெள்ளை பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது. ஒரு பக்கம் உருகித் தொங்கியது. பக்கத்து மண்டபத்தில் இன்னும் மூன்று.

அப்படிக் கட்டச் சொன்னதே நான்தான்.

போன வருடம் சரஸ்வதி பூசைக்கு மண்டபத்தில் சாம்பிராணி போட, பெல் அடித்து, பொம்பா வண்டி இரண்டு வந்து, பொங்கல் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த அவமானம் வேண்டாம் என்று இந்த வருடம் தலைமையாசிரியை எனக்கு போன் பண்ணினார். முறைப்படி நான் பூசைக்கு முன் ஒரு தடவை போய் அலாரம் பேனலில் அந்தப் பகுதியை அணைத்து, முடிந்ததும் மறுபடி போய்ப் போட வேண்டும். இரண்டு நடை. சோம்பல். "பைய கட்டிருங்க டீச்சர், பூச முடிஞ்சதும் அவுத்துருங்க" என்றேன். மண்டபத்துக்கும் பாலர் வகுப்புக்கும் நடுவே பலகைத் தடுப்புதான், புகை அங்கேயும் போகும், அங்கேயும் கட்டச் சொன்னேன். பூசை அக்டோபர் ஒன்று.

அக்டோபர் பதினாறு, என் சர்வீஸ் நாள். அங்கே மொத்தம் பதினான்கு டிடெக்டர். நான் புகை அடித்துப் பார்த்தது மூன்று: அலுவலகம், ஆசிரியர் அறை, நூலகம். மழை, முட்டி, அதற்குமேல் இன்னும் இரண்டு பள்ளி. மீதி பதினொன்றுக்கு வேனில் உட்கார்ந்து டிக் அடித்தேன். எங்கள் கம்பெனியில் எல்லாரும் அப்படித்தான். பாலர் வகுப்பு வாசல்வரை போனேன். பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று உதவியாளர் உதட்டில் விரல் வைத்தார். நல்லதாகப் போயிற்று என்று திரும்பிவிட்டேன்.

இன்று பைகளை அவிழ்த்தேன். படம் எடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.

புதன், 5

அலுவலகத்தில் குணா உற்சாகம். கோப்பி வாங்கிக் கொடுத்தார், அபூர்வம்.

"நம்ம தப்பிச்சோம்லா. பதினாறாம் தேதி ஃபார்ம்ல பதினாலும் ஓக்கே, ஒன் கையெழுத்து இருக்கு. அப்ப அதுக்கப்பறந்தான் யாரோ பைய கட்டியிருக்கான்."

"யாரு கட்டுனதாம்?"

"ஜாகாதான். மழ பேஞ்சா மண்டபத்துல நின்னு சிகரெட் குடிக்கிறான்லா. பெல் அடிக்கக்கூடாதுன்னு கட்டிட்டான். கல்வி இலாகாவும் அப்படித்தான் நெனைக்குது."

பள்ளிக் காவலாளி முனியாண்டி அண்ணன். முன்பு ரப்பர் மரம் சீவியவர். சிகரெட் குடிப்பார், உண்மை. கழிவறைக்குப் பின்னால் நின்று குடிப்பார், மண்டபத்தில் இல்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணையாம். காவல் கம்பெனி அவரை எடுத்துவிடும் என்கிறார்கள்.

கோப்பியைக் குடித்து முடித்தேன்.

பிறகு சிலிம் ரிவர் ஊருக்கு. ஒரு பள்ளி, இருபத்திரண்டு டிடெக்டர். ஒன்று விடாமல் ஏறிப் பார்த்தேன். மூன்றரை ஆனது. குணா இரண்டு தடவை போன் பண்ணி, "அங்கயே குடியேறிட்டியா?" என்றார். யாருக்கு இந்தப் பிராயச்சித்தம்? சிலிம் ரிவர் பிள்ளைகளா கேட்டார்கள்?

வாங்க வேண்டியது: முட்டிக்கு எண்ணெய், பேட்டரி 9V பத்து, வெங்காயம்.

வியாழன், 6

தூறல்.

கீழ்த்தோட்டப் பள்ளியில் இரண்டு டிடெக்டர் மாற்றும் வேலை. வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். ஆள் இல்லை.

கேட்டில் முனியாண்டி அண்ணன். சட்டை பொத்தான் மாறிப் போட்டிருந்தது. வேனைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"கலா, ஒன்னு கேக்கணும். நீ பதினாறாந்தேதி வந்து பாத்தப்ப பை இல்லையாமே?"

நான் ஏணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"பூசைக்கு நாந்தான் கட்டுனேன். அவுக்க மறந்துட்டேன். அதத்தான் டீச்சர்கிட்டயும் சொன்னேன். ஆனா ஒன் கடுதாசில எல்லாம் சரியா இருக்குன்னு போட்டிருக்கு. அப்ப நான் நடுவுல அவுத்துட்டு, மறுபடியும் கட்டியிருக்கேன். ஒன்னுமே ஞாபகம் இல்ல கலா. ஒரு துளி கூட இல்ல."

"அண்ணே…"

"கடுதாசி பொய் சொல்லுமா? எனக்குத்தான் மண்ட போயிருச்சு. எங்க அப்பனுக்கும் இப்படித்தான் ஆச்சு, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில கொண்டு போயி விட்டோம். கடைசில என்னயவே யாருன்னு கேட்டாரு. எம் பொண்டாட்டி அஞ்சல வர்ற செவ்வாக்கெழம என்னய கிளினிக் கூட்டிட்டுப் போறா. தேதி எழுதி வாங்கிட்டா."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "மழ வருதுண்ணே, சீக்கிரம் மாட்டிட்டு வாரேன்" என்றேன். மாட்டினேன். கிளம்பும்போது கேட்டைத் திறந்துவிட்டு, "பாத்துப் போ" என்றார்.

நான் ஒரு கேவலமான பிறவி.

வெள்ளி, 7

சுல்தான் பிறந்தநாள், விடுமுறை. சீருடை இரண்டும் துவைத்தேன். காயவில்லை. தீபாவளி முறுக்கு டப்பாவின் அடியில் தூள் மட்டும் இருந்தது, அதையும் தின்றேன்.

விசாரணைக்குக் கடிதம் எழுதினேன். மலாய் மொழியில் எழுத வேண்டும். முதலாவதில், மழையால் முழுமையாகச் சோதிக்க இயலாமல் போனது என்று வந்தது. மழை என்ன செய்தது? கிழித்தேன். இரண்டாவதில், நிறுவனத்தின் வழக்கப்படி என்று வந்தது. உண்மைதான், ஆனால் எல்லார் தலையிலும் போட்டுவிட்டு நடுவில் ஒளிந்துகொள்கிற மாதிரி இருந்தது. கிழித்தேன். மூன்றாவது நான்கே வரி. பை கட்டச் சொன்னது நான். பதினாறாம் தேதி மூன்றைத்தான் பார்த்தேன். பாலர் வகுப்புக்குள் போகவில்லை. மண்டபத்துக்கும் போகவில்லை.

சேகரிடம் போனில் படித்துக் காட்டினேன். லாரியை ஓரம் கட்டினார்.

"வேல போயிரும்ல?"

"போவும்."

"பாவம்னு சொல்லுவேன்னு பாக்காத. தப்பு ஒம்மேலதான்."

"தெரியும்."

"அப்பறம் என்ன, கொண்டு போய் குடு."

பிறகு, குக்கர் விசில் மாற்றியாயிற்றா என்று கேட்டார். இல்லை.

சனி, 8

அரை நாள். குணாவின் மேசையில் கடிதத்தின் நகலை வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ஒனக்கு என்னா, பைத்தியமா? பத்தொம்போது பள்ளிக்கூடத்து காண்ட்ராக்ட் கலா. இது போச்சுன்னா எல்லாம் போச்சு. இங்க ஆறு பேரு சாப்புடுறான்."

"நான் பண்ணத மட்டுந்தான் எழுதியிருக்கேன், பாஸ்."

கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. குரலைத் தாழ்த்தினார். "சரி, கேளு. அந்த ஜாகாவுக்கு நான் வேற எடத்துல வேல வாங்கித் தரேன். என் மச்சான் பேக்டரி. உக்காந்த எடத்துல வேல, லயத்துலேருந்து பக்கம். அவனும் பொழச்சான், நம்மளும் பொழச்சோம். போதும்லா?"

போதும் என்றே தோன்றியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: கடிதத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். மனம் லேசாகக்கூட ஆனது. கடையில் மீ கோரெங் வாங்கி வேனில் உட்கார்ந்து முழுதும் சாப்பிட்டேன். இந்த வாரத்தில் ருசி தெரிந்தது இன்றுதான்.

பொட்டலத்தை மடிக்கும்போது அந்த மாறிப்போட்ட பொத்தான் ஞாபகம் வந்தது. பேக்டரி கேட்டில் உட்கார்ந்தும் அந்த மனிதர் தன் மண்டை போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். குணாவின் மச்சானால் அதற்கு என்ன செய்ய முடியும்?

தலைமையாசிரியை வீட்டுக்கே போனேன். குளித்து ஈரத் தலையோடு வந்தார். வாசலில் நின்றே படித்தார்.

"நீங்க பை கட்டச் சொன்னீங்க, சரி. அவுத்தாச்சான்னு கேக்க வேண்டியது நான்," என்றார். "முனியாண்டி அண்ணன் மறந்துட்டேன்னுதான் சொன்னாரு. ஃபார்ம பாத்துட்டு, பொய் சொல்றீங்களாண்ணேன்னு எல்லாரு முன்னாடியும் கேட்டுட்டேன் கலா."

திங்கள் விசாரணையில் கடிதத்தைக் கொடுப்பதாகச் சொன்னார். நானும் வர வேண்டும் என்றார். குணாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: கொடுத்துவிட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது.

ஞாயிறு, 9

நல்ல வெயில். பத்து மணிக்கு லயத்துக்குப் போனேன். முனியாண்டி அண்ணன் வாசலில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோனது.

"அண்ணே, நான் அன்னைக்கி மண்டபத்துக்குள்ள வரவே இல்ல. பாக்காமலே டிக் அடிச்சேன். ஒங்க ஞாபகந்தான் சரி. கடுதாசிதான் பொய்."

கையில் தீனியோடு அப்படியே நின்றார்.

"அப்ப… நான் ரெண்டாந்தடவ கட்டல?"

"இல்லண்ணே. பூசைக்கிக் கட்டுனதுதான். அது அப்படியே இருந்திருக்கு."

"நீ பாக்கல."

"பாக்கலண்ணே."

திட்டட்டும் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"அஞ்சல! ஏய் அஞ்சல! எனக்கு ஒன்னுமில்லையாம்டி! மண்ட நல்லாத்தான் இருக்காம்!"

குரல் உடைந்து, சிரித்து, தீனி முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டார். கோழிகள் அடித்துக்கொண்டன. "ஒக்காரு கலா, கோப்பி குடி" என்று நாற்காலியைத் துடைத்தார்.

அஞ்சலை அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நாலு நாளா விடியங்காட்டி எந்திரிச்சு உக்காந்து, என் பேரு, புள்ளைங்க பேரு, பேரப்புள்ளைங்க பேருன்னு ஒவ்வொன்னா சொல்லிப் பாத்துக்குறாரும்மா," என்றார். "நான் தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டு."