சக்கரத்துக்கு அடியில் வைத்த செருப்பு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் பேனாவை எடுத்தேன். அடுத்த வரியில இங்கே நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம்னு எழுதணும். எழுதிப் பழகின கை தானா அங்கே போய் நின்னுடுச்சு, ஆனா இந்தத் தடவை அதை எழுதப் போறதில்லை. அப்பா கீழே விழுந்துட்டார். இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆகி, இப்போ வீட்டுல படுக்கையில இருக்கார். உயிருக்குப் பயமில்லை, அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லேன்னா நீ மீதியைப் படிக்க மாட்டே. போன்ல சொல்லியிருக்கலாமேன்னு உனக்குக் கோபம் வரும். இந்த வீட்டுல போன்ல பேசினா அடுத்த ரூம்ல படுத்திருக்கறவருக்குக் கேக்காம இருக்குமா? உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என் கையைப் பிடிச்சு வாக்கு வாங்கி வச்சிருக்கார். அதனால சமையல் மேடையில காகிதத்தை வச்சு நின்னுக்கிட்டே எழுதறேன், அவர் கூப்பிடறப்போ போயிட்டுப் போயிட்டு வரேன், எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

அப்பா பிடிச்சு நடந்து பார்க்கட்டும்னு உங்க கம்பெனி அனுப்பின அந்தச் சாம்பிள் வாக்கர், நீ செஞ்சது, வந்த அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்கு நான் சொன்னதே இல்லை. பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடி அப்பா போய்ச் சட்டை மாத்திக்கிட்டு வந்தார். உனக்குத் தெரியாதா அவரை. மின்விசிறி கம்பெனியில காலமெல்லாம் குறை கண்டுபிடிச்சே சம்பளம் வாங்கின மனுஷன். இறக்கையில நகக்கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவார்னு அங்கே அவருக்கு ரிஜெக்ட் சார்னே பேர். வீட்டுக்கு வந்தா மட்டும் சும்மா இருப்பாரா, டீ ஆறிப்போச்சு, துண்டு கோணலா காயுது, கதவு கீல் கத்துதுன்னு ஏதாவது ஒண்ணு. கல்யாணம் ஆன நாள்லேருந்து என்கிட்ட அவர் கண்டுபிடிக்காத குறைன்னு ஒண்ணு பாக்கி இருக்கான்னு எனக்குச் சந்தேகம்தான். அப்படிப்பட்ட ஆள் நீ வரைஞ்சு செஞ்ச வாக்கரைச் சுத்திச் சுத்தி வந்து, கைப்பிடியைத் தடவிப் பார்த்து, ஒரு குறையும் இல்லைன்னார். அப்பவே எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கணும். நான் என்னடான்னா, பொண்ணுன்னா மட்டும் பாஸா, ரிஜெக்ட் சார் ரிட்டயர் ஆயிட்டாரான்னு கேலி பண்ணிக்கிட்டு நின்னேன்.

நீ போன்ல விளக்கினதை எல்லாம் அன்னிக்குச் சாயங்காலம் எனக்குப் பாடம் நடத்தினார். பொருளைச் செஞ்சு முடிச்சுட்டுக் குறை பாக்கறதில்லையாம் நீங்க. முதல்ல அதை உபயோகிக்கப் போறவங்களைப் போய்க் கேக்கறது, உங்களுக்கு என்ன வேணும்னு. அவங்க சொன்னதுல எது ரொம்ப முக்கியம், எது அதுக்கு அடுத்ததுன்னு வரிசைப்படுத்தறது. அப்புறம் ஒவ்வொருத்தர் ஆசையையும் ஒரு அளவா மாத்தறது. தூக்கறதுக்கு லேசா வேணும்னு ஒருத்தர் சொன்னா எடை இதுக்கு மேல போகக்கூடாது, பிரேக் விழுந்துச்சா இல்லையான்னே தெரியலைன்னு இன்னொருத்தர் சொன்னா விழறப்போ இந்த அளவுக்குச் சத்தம் கேக்கணும். அந்த அளவை வச்சுத்தான் டிசைன், அதை வச்சுத்தான் சோதனை, அதைத் தொட்டாத்தான் அது தரம். எங்க காலத்துல கெட்டுப்போனதைப் பொறுக்கித் தூரப் போட்டோம், பொருள் கெட்டுப்போறதுக்கு முன்னாடியே என் பொண்ணு கேட்டுடறாடின்னு அவர் சொன்னப்போ நீ அந்த முகத்தைப் பார்த்திருக்கணும். பக்கவாதம் வந்ததுக்கப்புறம் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவே இல்லை. உங்க முறையை நான் குறை சொல்லலை கண்ணு, நல்ல முறைதான். ஆனா நீங்க கேட்ட இடத்துல உட்கார்ந்திருந்தது உன் அப்பா.

உங்க ஆபீஸ் பொண்ணு வாராவாரம் போன் பண்ணும். பாவம், குரல்ல அவ்வளவு மரியாதை. திருப்தியா, ரொம்பத் திருப்தியா, பரவாயில்லையான்னு ஒவ்வொண்ணா கேக்கும். போன் வர்ற நேரத்துக்கு அப்பா தலை வாரிக்கிட்டு உட்கார்ந்திருப்பார், போன்ல தலை தெரியுமான்னு நான் கேட்டா முறைப்பார். பிரேக் போட்டது தெளிவா கேக்குதான்னு அந்தப் பொண்ணு கேட்டா, தெளிவா கேக்குதும்மா, சந்தேகமே வேண்டாம்னு சொல்வார். அது பொய்யும் இல்லை. அந்தச் சத்தம் உங்களுக்கு வேணுமான்னு அது கேக்கலை, இவரும் சொல்லலை. கைப்பிடி வழுக்குதுன்னு என்கிட்ட முந்தின நாள்தான் சொல்லியிருப்பார், போன்ல கேட்டா கைப்பிடி பிரமாதம். நான் வாயைத் திறந்தா போதும், கையைக் காட்டி அடக்கிடுவார். இந்தச் சாம்பிள் பாஸானாத்தான் வேலை நிரந்தரம்னு நீ ஒரு தடவை பேச்சுவாக்குல சொன்னே. நீ மறந்திருப்பே. அவர் மறக்கலை.

இப்போ விழுந்த கதையைச் சொல்றேன், மனசைத் திடப்படுத்திக்கிட்டுப் படி. உனக்குத் தெரியும், எனக்கு ராத்திரி சரியான தூக்கம் கிடையாது, மத்தியானம் சாப்பிட்டதும் கொஞ்சம் கண் அசந்தாத்தான் ரத்த அழுத்தம் ஒரு இடத்துல நிக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அப்பா பக்கத்துக் கட்டில்ல படுத்திருப்பார். அவர் பாத்ரூம் போகணும்னா வாக்கரைக் கட்டில்கிட்ட இழுத்து, பிரேக்கை அழுத்தி, அதைப் பிடிச்சு எழுந்து, அப்புறம் பிரேக்கை விடணும். அழுத்தறப்போ ஒரு டொக், விடறப்போ ஒரு டொக். அதுல நான் முழிச்சுக்குவேன்னு இந்த மனுஷன் பிரேக் போடறதையே நிறுத்திட்டார். அதுக்குப் பதிலா பாத்ரூம் செருப்புல ஒண்ணை எடுத்து முன்சக்கரத்துக்கு அடியில செருகி வச்சுக்கிட்டு எழுந்திருச்சிருக்கார். அதை அப்பப்போ கட்டிலுக்கு அடியில ஒளிச்சும் வச்சிருக்கார். நான் அந்த ஒத்தைச் செருப்பை வீடு முழுக்கத் தேடினேன். மாடி வீட்டு நர்ஸ் ஒரு நாய் வளர்க்கறாளே, அதுதான் தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு படியேறிப் போய்ச் சண்டை போட்டுட்டு வந்தேன். அப்பா படுத்துக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுட்டு, நாய்க்கு ரப்பர்னா கொள்ளை ஆசைன்னு எனக்கே எடுத்துக் கொடுத்தார்.

அன்னிக்கு நான் தூங்கி எழுந்து திரும்பிப் பார்த்தா கட்டில்ல ஆள் இல்லை. தரையில மல்லாந்து கிடக்கறார், கால் ஒரு பக்கமா திரும்பிக் கிடக்கு, வாக்கர் உருண்டு போய்ச் சுவர் ஓரமா நிக்குது. எவ்வளவு நேரமா அப்படிக் கிடந்தாரோ தெரியலை, இன்னிக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கறார். முகமெல்லாம் வேர்த்து, உதட்டைக் கடிச்சுக் கடிச்சு ரத்தம் கட்டியிருந்துச்சு, ஆனா ஒரு குரல் கொடுக்கலை. நான் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்துட்டு அவர் கேட்டது என்ன தெரியுமா? "நல்லா தூங்கினியா?" அவ்வளவுதான். நான் கத்தின கத்துல மாடி நர்ஸ்தான் ஓடி வந்தா, நான் போட்ட சண்டையை மனசுல வச்சுக்காம. தூக்கக்கூடாதுன்னு சொல்லி ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணிட்டு, காலுக்கு முட்டுக் கொடுக்கப் போனவ கையில, சக்கரத்துக்கு அடியிலேருந்து நழுவின அந்தச் செருப்பு தட்டுப்பட்டுச்சு. அவ என்னைப் பார்த்தா, நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா சீலிங்கைப் பார்த்தார்.

இதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்போ உங்க ஆபீஸ் பொண்ணு கடைசித் தடவையா போன் பண்ணுச்சு. கையில ஊசி, காலை அசைக்க முடியாம தலையணை வச்சுக் கட்டியிருக்கு, அந்த நிலைமையில இவர் போனை வாங்கி, தினமும் நாலஞ்சு தடவை வாக்கர்ல நடக்கறேன்மான்னு வாய் கூசாம சொல்றார். விழற மாதிரி எப்பவாவது இருந்துச்சான்னு அது கேட்டுச்சு போல. சேச்சே, இது என் பொண்ணு செஞ்சதுன்னார். என்னால அங்கே நிக்க முடியலை. வெளியே வராண்டாவுல போய்ச் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அப்புறம் போன ஞாயித்துக்கிழமை நீ போன் பண்றே, சாம்பிள் பாஸாயிடுச்சும்மா, வேலை நிரந்தரம் ஆயிடுச்சு, அடுத்த மாசம் உற்பத்தி ஆரம்பிக்குது, கடைசியா போன்ல அப்பா சொன்னதைப் பெருசா அச்சடிச்சு ஆபீஸ் சுவர்ல ஒட்டியிருக்காங்கன்னு. அப்பா எங்கேன்னு கேட்டே, தூங்கறார்னு சொன்னேன். அவர் தூங்கலை, கதவு திறந்துதான் இருந்துச்சு. நான் போனை வச்சதும் கூப்பிட்டு, சுவர்ல ஒட்டினது எழுத்து மட்டுமா, போட்டோவும் உண்டான்னு கேட்டார். சிரிக்கறதா அழறதான்னு தெரியாம அடுப்பைப் பார்க்கப் போயிட்டேன். டாக்டர் திரும்ப நடப்பார்னும் சொல்லலை, நடக்க மாட்டார்னும் சொல்லலை, பார்க்கலாம்னு மட்டும் சொல்றார். அப்படிச் சொல்றவங்க மனசுல என்ன இருக்கும்னு எனக்கும் தெரியும்.

நல்லா கேட்டுக்கோ. இந்த வாக்கர் இப்படியே கடைக்குப் போகக்கூடாது. உனக்கு வேலை போனாலும் போகட்டும்னு எழுத எனக்கு வாய் வரலை, ஆனா உன் பேரை வச்சுக்கிட்டு ஒரு பொருள் எங்கேயோ ஒரு வீட்டுல இன்னொருத்தரை விழ வைக்கறதையும் என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. சத்தத்தைக் குறைக்கணுமா, சத்தமே இல்லாம கைக்கு மட்டும் தெரியற மாதிரி பண்ணணுமா, அதெல்லாம் எனக்குத் தெரியாது, நீ படிச்சவ. எனக்குத் தெரிஞ்சது இதுதான். திருப்தியான்னு கேட்டா பெரியவங்க திருப்தின்னுதான் சொல்வாங்க, அதுவும் பெத்த பொண்ணு செஞ்சதுன்னா கேக்கவே வேண்டாம். அதனால போன்ல கேக்காதே. அவங்க வீட்டுக்குப் போய்க் கட்டில் பக்கத்துல உட்காரு. எந்த இடத்துல துணி சுத்தியிருக்காங்க, எதுக்குக் கயிறு கட்டியிருக்காங்க, எதை எடுத்து எதுக்கு அடியில செருகியிருக்காங்கன்னு பாரு. கூட இருக்கறவங்களைத் தனியா கூப்பிட்டுக் கேளு. என்னை ஒரு தடவைகூட யாரும் கேக்கலையே. அந்தச் செருப்பை இந்தக் கடிதத்தோட பொட்டலம் கட்டி அனுப்பறேன். கழுவித்தான் வச்சிருக்கேன், சக்கரம் ஏறின தடம் இன்னும் இருக்கு. கூச்சப்படாம உங்க மீட்டிங் மேஜை மேல வை. அப்பா சொன்னதை எடுத்துடச் சொல்லு சுவர்லேருந்து.

இன்னும் ஒண்ணு, இதை எழுதாம விட்டா எனக்குத் தாங்காது. நேத்து மத்தியானம் அப்பா அசந்து தூங்கினார். மூலையில மடிச்சு வச்சிருந்த வாக்கரைப் பிரிச்சு, என் கட்டில் பக்கத்துல நிறுத்தி, பிரேக்கை நானே ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். டொக்குன்னுச்சு. அவ்வளவுதான்டி அது. பேனா மூடியைப் போடற மாதிரி. அப்பா கண்ணைக்கூடத் திறக்கலை. மத்தியானத் தூக்கத்துல தண்ணி லாரி வாசல்ல வந்து நின்னு ஹாரன் அடிச்சாலும் எழுந்திருக்காதவ நான், இந்தச் சத்தத்துக்கா முழிச்சிருக்கப் போறேன்? நான் முழிச்சுக்குவேன்னு அவரா நினைச்சுக்கிட்டார். முழிச்சுக்குவியான்னு என்னை ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா, முழிச்சா என்ன, எழுப்பித்தான் தொலையுங்களேன்னு சொல்லியிருப்பேன்.

லீவு போட்டு ஓடி வர வேண்டாம்னுதான் எழுத நினைச்சேன். அதுவும் ஒரு பூசி மெழுகல்தான், அதனால எழுதலை. முடிஞ்சா வா. வந்தா அப்பாவைத் திட்டாதே, என்கிட்டேருந்து வேணுங்கற அளவுக்கு வாங்கிக்கிட்டார். நான் எழுதினேன்னும் காட்டிக்காதே. வேலையில உயரணும், நல்ல பேர் எடுக்கணும், உன் கையால செய்யற எதுவும் யாரையும் தள்ளிவிடாம இருக்கணும், அதுதான் எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதம். கண்ணைக் கெடுத்துக்காம வெளிச்சத்துல உட்கார்ந்து வேலை செய். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. நான் போன்ல கேக்கறப்போ எல்லாம் நல்லா இருக்கேன்மான்னு நீயும் ஒரே மாதிரி சொல்றே, அந்தக் குரலை இப்போ எனக்கு அடையாளம் தெரியுது. உனக்கு அங்கே ஏதாவது ஆச்சுன்னா நான் தூங்கிக்கிட்டு இருப்பேன்னு பார்க்காதே. என்னை எழுப்பு.

உன்னை நினைச்சுக்கிட்டே இருக்கும்,
அம்மா