குகைக்குக் கூட்டிப் போகாதவர்

தெத்துவான்
ஏப்ரல் 2, 1986

ஊரார் எல்லோருக்கும் டாக்ஸி ஓட்டும் முஃபத்தல் அவர்களுக்கு, மனைவி ஷாமா எழுதுவது.

இறைவன் அருளால் நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று கோபத்தோடேயே வேண்டிக்கொள்கிறேன்.

அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ஏன் வந்தேன் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டாம், நானே சொல்கிறேன். நமக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். மொராக்கோவில் கால் வைத்த வெளிநாட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் கடலோரமாகக் கூட்டிப் போய் ஹெர்குலிஸ் குகையைக் காட்டிவிட்டீர்கள். டாஞ்சியரிலேயே குடியிருக்கும் நான்தான் இன்னும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போகலாம் என்று சொன்னது யார்? கஃப்தானை இஸ்திரி போட்டு உடுத்தி, மத்தி மீனில் மசாலா அடைத்துப் பொரித்து மூட்டை கட்டி, வாசலில் நின்றேன். "அவசர சவாரி, ஷாமா" என்று பெல்ஜியம்காரர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். போனதும் அதே குகைக்கு! மீனைத் தெருப் பூனைகள் தின்றன. அவற்றுக்காவது என் சமையலின் அருமை தெரிந்தது.

வேறு சவாரி ஏற்றாமல், என்னை முன்சீட்டில் உட்காரவைத்து அந்தக் குகைக்குக் கூட்டிப் போக ஒப்புக்கொண்டால் வருகிறேன். அதற்கும் நீங்களே நேரில் வந்து முறைப்படி அழைக்க வேண்டும்.

ஷாமா

டாஞ்சியர்
ஏப்ரல் 8, 1986

என் கோபக்கார ஷாமாவுக்கு,

வீடு வீடாக இல்லை. புதினாவை எங்கே வைத்திருக்கிறாய் என்று தெரியாமல் வெறும் டீ குடிக்கிறேன்.

அந்தக் குகையில் அப்படி என்னதான் இருக்கிறது? அந்தக் காலத்தில் திரிகைக்குக் கல் வெட்டியவர்கள் குடைந்த பொந்து. மலையைப் பிளந்து இரண்டு கடலைச் சேர்த்த கிரேக்க வீரன் ஹெர்குலிஸ் அதில் படுத்து ஓய்வெடுத்தானாம். எடுத்திருந்தால் முதுகுவலியோடுதான் எழுந்திருப்பான், அவ்வளவு ஈரம். நானே உள்ளே போவதில்லை. வண்டியை நிறுத்திவிட்டு வெளியே வெயில் காய்வேன், அவ்வளவுதான்.

நேரில் வரலாம் என்றால், உன் அண்ணன் என் காலை ஒடிக்கப்போவதாகச் சந்தையெல்லாம் சொல்லித் திரிகிறாராம். கால் போனால் பிரேக்கை யார் மிதிப்பது? அதனால் சமாதானத்துக்கு நாலு கூம்புச் சர்க்கரையும் பாலும் அயாஷியிடம் கொடுத்து அனுப்புகிறேன். என்னோடு டாக்ஸி ஓட்டுகிறானே, அந்தக் கல்யாணமாகாத பையன். பேசத் தெரியாது, ஆனால் சொன்னதைச் செய்வான். அவனோடு கிளம்பி வந்துவிடு.

முஃபத்தல்

தெத்துவான்
ஏப்ரல் 13, 1986

முஃபத்தல் அவர்களுக்கு,

உங்கள் தூதர் வந்தார். வெள்ளிக்கிழமை பகலில், புது ஜெல்லாபா அங்கி, வழித்த முகம், தெருமுனை வரை மணக்கும் அத்தர், இரண்டு கையிலும், பெண் கேட்டு வருகிறவர்கள் கொண்டுவரும் அதே சர்க்கரையும் பாலும். வயசுப் பெண் இருக்கும் வீட்டு வாசலில் ஒரு பிரம்மச்சாரி இப்படி வந்து நின்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தோன்றவேயில்லையா?

அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. குலவையிட்டு, "வாங்க மாப்பிள்ளை, உள்ள வாங்க" என்று கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டாள். தங்கை ரஷீதா உடுப்பு மாற்ற மாடிக்கு ஓடினாள். நான் குளியல் கூடத்திலிருந்து திரும்பியபோது சர்க்கரையை உடைத்து டீயில் போட்டு, பாதித் தெரு குடித்துக்கொண்டிருந்தது. உடைத்த சர்க்கரையை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அயாஷியை முற்றத்துக்கு இழுத்துப் போனேன். மரியாதைக்குக் குறைச்சலில்லை, லல்லா லல்லா என்றுதான் கூப்பிட்டான்.

"என்ன காரியம்டா பண்ணியிருக்க?"

"நான் ஒண்ணும் பண்ணல லல்லா. டீ குடுத்தாங்க, குடிச்சேன்."

"இப்பவே உள்ள போய் உண்மையச் சொல்லு."

அவன் மாடிப்படியை அண்ணாந்து பார்த்தான். ரஷீதாவும் எட்டிப் பார்த்தாள்.

"சொல்லித்தான் ஆகணுமா லல்லா?"

ஆக, என்னை அழைக்க வந்த சர்க்கரையில் என் தங்கைக்கு நிச்சயம் ஆகிவிட்டது. எல்லோரோடும் நானும் சிரித்தேன். அப்புறம் தனியாக அழுதேன். சர்க்கரையா நான் கேட்டேன்? நீங்கள் ஏன் வரவில்லை?

ஷாமா

டாஞ்சியர்
ஏப்ரல் 19, 1986

ஷாமா,

அயாஷி இப்போது சிவப்பு விளக்கிலும் பச்சை விளக்கிலும் ஒரே மாதிரி சிரிக்கிறான். அவனால் எனக்குப் பிரயோஜனமில்லை.

கேள். எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போகிறேன். கலங்கரை விளக்கத்துக்குப் போகலாம், இரண்டு கடலும் சேரும் இடத்தைப் பார்க்கலாம். அஸீலா போகலாம். நாள் முழுக்க முன்சீட்டு உனக்குத்தான். அந்தக் குகை மட்டும் வேண்டாம். ஏன் என்று கேட்காதே. அங்கே வந்தால் நீ என்னைப் பழையபடி மதிப்பாயா என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ரமலான் நெருங்குகிறது. தனியாக நோன்பு திறக்கும்படி என்னை விட்டுவிடாதே.

முஃபத்தல்

டாஞ்சியர், நம் வீடு
ஏப்ரல் 29, 1986

அன்புள்ள முஃபத்தலுக்கு,

"மதிப்பாயா" என்று எழுதினீர்களே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இன்னொருத்தி இருக்கிறாள் என்றே முடிவு கட்டினேன். ரஷீதாவைப் பார்க்க வந்த அயாஷியைப் பிடித்து, "இன்னிக்கு என்னை அந்தக் குகைக்குக் கூட்டிட்டுப் போகலன்னா ரஷீதாவ மறந்துடு" என்றேன். "முஃபத்தல் அண்ணன் என்னைக் கொன்னுடுவாரு லல்லா" என்று புலம்பிக்கொண்டே ஓட்டினான். ரஷீதாவும் கூட வந்தாள். கலங்கரை விளக்கத்தில் நின்று எந்தக் கடல் எந்த நிறம் என்று இருவரும் சண்டை போட்டார்கள். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

குகை வாசலில் உங்கள் வண்டி நின்றது. நீங்கள் வெயில் காயவில்லை. உள்ளே போய், ஒரு வெளிநாட்டுக்காரர் கூட்டத்தின் பின்னால் இருட்டில் நின்றேன்.

நீங்கள் நடுவில் நின்று, சட்டைக் கையை மடித்து, இரண்டு மலையைப் பிளப்பதுபோல் கைகளை விரித்து உறுமினீர்கள். ஹெர்குலிஸ்! எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் தன் வைக்கோல் தொப்பியை உங்கள் தலையில் கவிழ்த்துப் படம் எடுத்தார். நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். ஆனால் உங்கள் கண் சிரிக்கவில்லை. அது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தத் தொப்பியைப் பிடுங்கிக் கடலில் எறியலாம் என்று வந்தது கோபம். அதற்குள் நீங்கள் மறுபடியும் உறுமினீர்கள். பாறைத் திறப்பில் அலை வந்து மோதி, உங்கள் மேல் வெளிச்சம் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களைப் போல இல்லை. இந்த வீட்டில் ஏழு வருடமாக உப்பு போதுமா, விளக்கை அணைத்தாயா என்று மட்டும் பேசும் மனிதருக்குள் இப்படி ஒரு குரலா! ஊரெல்லாம் கேட்டிருக்கிறது, நான் கேட்டதில்லை. அதுதான் எனக்கு வருத்தம். வேறு ஒரு குறையும் இல்லை.

என்னை இங்கேயே இறக்கிவிடும்படி அயாஷியிடம் சொன்னேன். யாரும் வந்து அழைக்காமல் நானாகத் திரும்பினேன் என்று தெத்துவான் முழுக்கப் பேசும். பேசட்டும்.

மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறேன். படித்து முடித்ததும் மேலே வாருங்கள். மன்னிப்புக் கேட்கிறேன் என்று பூனைபோல வந்து நிற்க வேண்டாம். முதல் படியிலிருந்தே உறுமிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் ஷாமா