தறியை நிறுத்திய கை

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உன் தங்கச்சி ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்ககிட்டத்தான் குடுக்கணும்னு அண்ணன் சொல்லியிருந்தான் அண்ணாச்சி" என்றாள். உள்ளே கோர்ட்டுத் தீர்ப்பின் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய மாத்திரை அட்டைகள். அவள் தெரு திரும்பியதும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? அட்டைகளைப் பிரித்து ஒவ்வொரு குழியாகத் தடவிப் பார்த்தேன். எல்லாமே காலி. உடனே அடுத்த சந்தேகம்: தின்றாயா, பிதுக்கித் தூரப் போட்டாயா? செத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நீ ஏசலாம். தாராளமாக ஏசு. எட்டு வருஷமாக உன்னைச் சந்தேகப்படுவதே எனக்கு வேலையாக இருந்தது.

அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் நீயும் நானும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்துத் தறி ஓட்டினோம். விசைத்தறிச் சத்தத்தில் காதுக்கு வேலை இல்லை. வாயசைவும் கையசைவும்தான் நம் பேச்சு. ஒருநாள் என் பக்கம் வந்து காதோடு காதாகக் கேட்டாய்.

"ஏலே, உனக்குக் கேக்கா?"

"இந்தச் சத்தத்துல என்னலே கேக்கும்?"

"நூலுக்குள்ள இருந்து உன் தம்பி என்னைய ஏசுதான்."

நான் சிரித்துவிட்டேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளி என்று சொல்லி அனுப்பினேன். உனக்குப் பார்த்த பெண் தட்டிப் போனதை வைத்து, எதிர்வரிசையில் தறி ஓட்டிய என் தம்பி உன்னைக் கேலி செய்தது எனக்குத் தெரியும். அந்தக் கோபத்தில் எதையோ உளறுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்தாய். மூலையில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துப்போய் என் தம்பியை அடித்தாய். உயிர் பிழைத்தான். இடது கண் போயிற்று.

எழுந்தாய் என்பதற்கும் கம்பியை எடுத்தாய் என்பதற்கும் நடுவில் ஒன்று நடந்தது. அதைக் கவனித்தவன் நான் ஒருத்தன்தான். நீ உன் தறிகளின் கைப்பிடியைத் தள்ளி ஒவ்வொன்றாக நிறுத்தினாய். ஓடுகிற தறியை விட்டுவிட்டுப் போனால் நூல் அறுந்து அன்றைய சேலையே பாழ். சேலையைப் பற்றிக் கவலைப்பட்டவனுக்குப் புத்தி கெட்டிருக்குமா? கோர்ட்டில் கூண்டிலேறி இதைத்தான் சொன்னேன். "தறியை நிப்பாட்டிட்டுத்தான் போனான்யா. என்ன செய்யப் போறோம்னு அவனுக்கு நல்லாத் தெரியும்." அரசு வக்கீல் முகம் மலர்ந்தது. நூலுக்குள் இருந்து ஏசும் கதையை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் உன்னை ஆஸ்பத்திரி மனநல வார்டில் வைத்துச் சோதித்த டாக்டரம்மா வேறு மாதிரி சாட்சி சொன்னார். உனக்குத் தண்டனை இல்லை, ஆஸ்பத்திரிக் காவல் என்று தீர்ப்பாயிற்று. நேரே அவரிடம் போனேன். "யாரு சொல்லி இப்படிச் சொன்னிய? அவன் நடிக்கான், உங்களுக்குத் தெரியலையா?" என்று கத்தினேன். அந்த அம்மா அசரவில்லை. உட்காரச் சொன்னார்.

"நானும் சந்தேகப்பட்டேங்க. உங்களைவிட அதிகமா. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் ஆள் வச்சுப் பாத்தோம். நடிக்கிறவர் ஆள் பாக்கும்போதுதான் நடிப்பார். இவர் யாரும் இல்லாதப்பவும் காதைப் பொத்திக்கிட்டுத்தான் இருந்தார்."

மற்ற மனநல டாக்டரிடம் நோயாளி குணமாக வருகிறார், தன்னிடம் கோர்ட்டு ஆளை ஒரு கேள்வியோடு அனுப்புகிறது என்றார். அடித்த அந்த நேரத்தில், தான் செய்வது இன்னதென்றும், அது தப்பென்றும் அறிகிற நிலையில் மனசு இருந்ததா? சட்டம் கேட்கும் இந்தக் கேள்விக்கு மருத்துவம் தேடும் பதில்தான் தடயவியல் மனநல மருத்துவமாம். தடயவியல் என்றால் பிணம் அறுப்பதுதானே என்றேன். சிரித்தார். அதற்கு இங்கிலீஷில் சொல்லும் 'ஃபோரன்சிக்' என்ற சொல்லே ரோமாபுரியில் சந்தையும் வழக்கும் நடக்கிற பொதுவெளியின் பெயரிலிருந்து வந்ததாம். புத்தி கலங்கியவனுக்கு அந்தக் கலக்கமே போதுமான தண்டனை என்று அந்தக் காலத்து ரோமர்கள் சொல்லி, அவனை வீட்டார் காவலில் விட்டார்களாம். பிறகு இங்கிலாந்தில், அரசாங்கத்து ஆட்கள் தன்னை விரட்டுகிறார்கள் என்று நம்பிய ஒருவன், பிரதமர் என்று எண்ணி அவருடைய செயலாளரைச் சுட்டுக் கொன்றான். டாக்டர்கள் வந்து சாட்சி சொல்ல, தண்டனை இல்லாமல் ஆஸ்பத்திரிக் காவல். ஊரே கொதித்தது. "அன்னைக்கும் உங்களை மாதிரிதாங்க கேட்டாங்க. இப்படியே போனா எல்லாவனும் தப்பிச்சிருவானேன்னு. அதுக்கப்புறம்தான் நீதிபதிகள் உக்காந்து இந்தக் கேள்வியையே வகுத்தாங்க. நம்ம சட்டத்துக்கும் அதுதான் வேர்."

"அதெல்லாம் சரி டாக்டரம்மா, தறியை நிப்பாட்டுனானே?"

"இன்னைக்குக் காலையில வீட்டைப் பூட்டினது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

பூட்டுக்கும் தறிக்கும் என்ன சம்பந்தம், படித்தவர்கள் பேச்சு என்று எழுந்து வந்துவிட்டேன்.

சில வருஷம் கழித்து நீ ஊருக்குத் திரும்பினாய். வாரம் தவறாமல் உன் தங்கச்சி உன்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போய் அம்மன் சன்னதி முன்னால், புத்தி கலங்கியவர்கள் உட்கார்ந்தால் தெளியும் என்று தரையில் பதித்திருக்கும் சக்கரத்தில் உட்கார வைப்பாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று உன்னை வேவு பார்ப்பேன். இமைக்கிறாயா, ஓரக்கண்ணால் பார்க்கிறாயா, தனியாக இருக்கும்போது முகம் மாறுகிறதா? ஒருநாள் கண்ணை மூடியபடியே சொன்னாய்: "ஏம்லே தூணுக்குப் பின்னால நிக்கே? முன்னால வந்து உக்காந்து பாரு." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கத்தை மீறி, நான் நிற்பது இவனுக்கு எப்படித் தெரிந்தது என்ற சந்தேகம்தான் பெரிதாக வந்தது. பேசாமல் போனேன். கடைசிவரை பேசவே இல்லை.

பதினேழு நாளைக்கு முன்னால் தறியில் நிற்கும்போது உன் தங்கச்சியின் போன். சத்தத்துக்காக வாசலுக்குப் போய்க் கேட்டேன். "அண்ணாச்சி, எங்க அண்ணன் போயிட்டான்." அதற்கப்புறம் எனக்கு நினைவிருப்பது உன் வீட்டு நடையில் வெறுங்காலோடு நின்றதுதான். வெயிலில் கால் பொத்துப் போயிருந்தது.

மறுநாள் வேலைக்குப் போனால் என் நாலு தறியும் நின்றிருந்தன. ஒரு நூல் அறவில்லை. பக்கத்துத் தறி செல்வியிடம், "என் தறியை யாரு தாயி நிப்பாட்டுனது?" என்று கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய? நீங்கதான். வாசல்ல இருந்து உள்ள வந்து நாலையும் ஒண்ணொண்ணா நிப்பாட்டிட்டு, செருப்புகூடப் போடாமப் போனிய. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

உள்ளே வந்ததே எனக்குத் தெரியாது. தெரியவே தெரியாது. இந்தக் கையை வைத்துத்தானடா நான் கோர்ட்டில் உனக்கு எதிராகச் சத்தியம் செய்தேன்.

அது தெரிந்த பிறகும் பழக்கம் விடாமல் நான் தடவிப் பார்த்த இந்த மாத்திரை அட்டைகளை நீ யாருக்காகச் சேர்த்து வைத்தாய் என்று இப்போது புரிகிறது. நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் தம்பி வழக்கம்போலக் கேட்டான்: "அவன் நடிச்சானாண்ணே?" இத்தனை வருஷமும் ஆமா என்றே சொல்லிவந்தேன். "இல்லலே, நடிக்கல" என்றேன். அவன் ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தான். "பின்ன எதுக்குண்ணே நீ அவன்ட்ட பேசவே இல்ல?"

தட்டோடு கைகழுவ எழுந்துவிட்டேன். உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. கைப்பிடியில் கை வைக்கும்போதெல்லாம் நீ காதோரம் வந்து "உனக்குக் கேக்கா?" என்கிறாய். இன்னொரு தடவை கேளுடா. தறி நாலையும் தெரிந்தே நிறுத்திவிட்டு உன் பக்கத்தில் வந்து உட்காருகிறேன். என்ன கேட்குது, சொல்லு.