மேலே நீ இல்லாமல் டேங்க் ஓட்டுவது

எங்கள் காக்காவுக்கு, என் ஒரே அண்ணனுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கக் கை போகிறது. கேட்க முடியாது, தெரியும். வேறு எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

கல்லறைத் திருநாளை ஒட்டி வருகிற கோயில் இதழுக்காக, போனவர்களைப் பற்றி வீட்டுக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். அம்மா அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டாள். நாலு வரியில் நீ அடங்கவில்லை. படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே சில இடத்தில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

வீட்டு விஷயம் முதலில். அம்மாவுக்கு இழுப்பு குறையவில்லை. நான் புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பதும் நிற்கவில்லை. மாடியில் காயப்போட்ட துணியில் கரித்தூள் படிவது அப்படியேதான் இருக்கிறது. உதறி உதறி மடிக்கிறேன். தோள் வலிக்கிறது என்றால் எதிர்வீட்டு அக்கா சிரிக்கிறாள், "பதினேழு வயசுல இன்னாடி தோள் வலி?" என்று. களைப்பாக இருக்கிறது அண்ணா. வேறு ஒன்றுமில்லை.

ஆனால் உன் விளையாட்டை நான் விடவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பார்க்கிறவர்களுக்கு அது விமான விளையாட்டு. பழைய காலத்துப் போர் விமானங்களை வேறு வேறு ஊரில் இருப்பவர்கள் இன்டர்நெட்டில் சேர்ந்து ஓட்டி, இரண்டு அணியாகச் சண்டை போடுவது. நிஜ விமானம் எப்படி ஓடுமோ அப்படியே ஓட வேண்டும் என்று அதில் பெரிய பிடிவாதம். மண்ணடியில் மூடிப்போன ஓர் ஆபீஸிலிருந்து இரண்டு பழைய கம்ப்யூட்டரை, நீ ஓட்டுகிற டிரெய்லர் லாரியின் கேபினில் வைத்துக் கொண்டுவந்தாய். ஒன்றில் நீ 'காக்கா' என்று பேர் வைத்துக்கொண்டு பறந்தாய். இன்னொன்றில் என்னையும் பறக்கச் சொன்னாய். எனக்குத் தலை சுற்றிக் குமட்டியது. "சரி, நீ தரையிலயே இரு பாப்பா, அங்கயும் வேல கீது" என்று ஒரு டேங்க்கில் ஏற்றிவிட்டாய்.

வேலை இருக்கத்தான் செய்தது. விமானத்தால் எதிரியின் விமானத்தளத்தை உடைக்க முடியும், பிடிக்க முடியாது. பிடிப்பதற்குத் தரையில் ஓடுகிற வண்டி ஒன்று உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழியாமல் நிற்க வேண்டும். ஆனால் நீ ஒரு டீ குடிப்பதற்குள் போய்ச் சேருகிற தூரத்தை நான் ஊர்ந்து ஊர்ந்து கடக்க வேண்டும். வழியில் ஒரு விமானம் என்னைப் பார்த்துவிட்டால் வந்த வழியெல்லாம் வீண். மறுபடி தளத்திலிருந்து தொடங்க வேண்டும். அதனாலேயே யாரும் டேங்க் பக்கம் வருவதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அந்த டேங்க் நிஜம் மாதிரி இருக்கிறதா இல்லையா என்று நீயும் பிரவீண் அண்ணனும் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறவர், நம் அணிக்குத் தலைவர். நீ ஒரு தடவை என் டேங்க்கை ஓட்டிப் பார்த்துவிட்டுக் குதித்தாய்.

"இன்னாபா இது, நின்ன எடத்துலயே திரும்புது? எந்த வண்டிபா இப்டித் திரும்பும்? சும்மா ஃபிலிம் காட்றானுங்க."

"ஏனுங்க காக்கா, சங்கிலிச் சக்கரம் அப்படித்தானுங்க திரும்பும். ஒரு பக்கம் முன்னால ஓடும், ஒரு பக்கம் பின்னால ஓடும்."

நீ நம்பாமல் வீடியோ தேடிப் பார்த்தாய். அவர் சொன்னதுதான் சரி. அன்றைக்குச் சோறு தின்கிற வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். ஆனால் அவ்வளவு கனமான வண்டி சரிவில் அப்படிப் பட்டென்று நிற்காது என்று நீ சொன்னதை அவரும் ஒத்துக்கொண்டார். நிஜ டேங்க்கில் ஓட்ட ஒருவர், சுட ஒருவர், குண்டு நிரப்ப ஒருவர், தலையை நீட்டிப் பார்க்க ஒருவர் வேண்டுமாம். இதில் எல்லாமே நான்தான்.

நான் கண்ட குறை வேறு. அந்த ஊர் முழுக்க மேலேயிருந்து பார்ப்பதற்காகச் செய்தது. தரையில் போனால் புல் வெறும் பச்சைப் பெயிண்ட். வீட்டுக்குக் கதவு வரைந்திருக்கும், திறக்காது. அதைச் சொன்னபோது நீ கண்ணை எடுக்காமல், "மேலேந்து பாத்தா எண்ணூர் கூட ஷோக்காதான் கீது பாப்பா" என்றாய்.

மரம் விஷயம் அதைவிட மோசம். ஒரு தோப்புக்குள் நான் பத்திரமாக ஒளிந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கத்தினாய்: "பாப்பா, அங்க மரமே இல்ல! வெட்டவெளில நின்னுகினு கீற!" என் திரையில் மரம் இருந்தது, உன் திரையில் இல்லை. உயரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தூரத்து மரங்களை அந்த விளையாட்டு வரைவதில்லையாம். அன்றிலிருந்து நான் எங்கே போய் நின்றாலும் நீ ஒரு சுற்று தாழ வந்து, மறைந்திருக்கிறேனா இல்லையா என்று பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போவாய். அதற்காக எத்தனை தடவை சுடப்பட்டிருக்கிறாய்?

மைக் ஒன்றுதான், அது உன் தலையில் இருக்கும். பக்கத்து நாற்காலியிலிருந்து நான் மெதுவாகச் சொல்வேன், நீ ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வாய். "கீழேந்து தகவல்! மேற்கால ரெண்டு பேரு வரானுங்க!" அணியில் ஒருவரும் என் குரலைக் கேட்டதில்லை. வகுப்பில் எழுந்து நின்று படி என்றாலே நான் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொள்வேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பத்தாவதோடு நின்றபோது எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். இனி எழுந்து நின்று படிக்க வேண்டாம் என்று எனக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது.

உன் தோஸ்து ரஃபி அண்ணனையும் இன்னும் மூன்று டிரைவர்களையும் பிரவுசிங் சென்டரில் உட்கார வைத்து டேங்க் ஓட்டச் சேர்த்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. துறைமுகத்துக்குள் போக எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முன்னால் நிற்கிற வண்டியின் பின்பக்கத்தை முட்டுகிற மாதிரி ஒட்டி நிற்க வேண்டும். கொஞ்சம் இடம் விட்டால் எவனாவது நடுவில் வண்டியைச் செருகிவிடுவான். நாலு பேரும் டேங்க்கையும் அப்படியே ஒட்டி ஒட்டி நிறுத்தினார்கள். எதிரி விமானம் ஒரே ஒரு தடவைதான் வந்தது. நாலும் எரிந்தது.

"டேய், இங்க எவன்டா உனுக்கு முன்னால பூரப் போறான்?" என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

"கை தானா பூட்ச்சி மாமு" என்றார் ரஃபி அண்ணன்.

அப்புறம் உனக்கு உடம்புக்கு வந்தது. காய்ச்சலோடுதான் வரிசையில் நின்றாய். போன் பண்ணி அம்மா அழுதாள். "வண்டிய எட்த்துட்டு வந்தேன்னா திரும்ப வரிசைல கடசில போய் நிக்கணும்மா, இன்னும் கொஞ்சம்தான், ஆர்பர் கேட்டு தெரியிது" என்றாய். வண்டியை உள்ளே விட்டு இறக்கிவிட்டு வந்தபோது உன் கண்ணெல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரியில் காமாலை முற்றிவிட்டது என்றார்கள். நீ விடாத அந்த இடத்தை யார் பிடித்திருப்பார்கள் அண்ணா? பிடித்திருந்தால்தான் என்ன?

அந்த விளையாட்டில் செத்தவர்கள் உடனே தளத்தில் புது வண்டியோடு நிற்பார்கள். அது நிஜமில்லை, இது நிஜமில்லை என்று நீயும் பிரவீண் அண்ணனும் எவ்வளவோ சொன்னீர்கள். இதை மட்டும் இரண்டு பேருமே ஒரு நாளும் சொன்னதில்லை.

நீ போன பிறகும் ஞாயிறு மதியம் நான் டேங்க் எடுத்தேன். உன் விமானத்தை யாருக்கும் கொடுக்காமல் காலியாகவே வைத்திருந்தார்கள். நான் பேசாமல், சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். எழுதி முடிப்பதற்குள் மேலே சண்டையே முடிந்துவிடும். இரண்டு மூன்று ஆட்டம் தோற்ற பிறகு பிரவீண் அண்ணன் சொல்லிவிட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சிஸ்டர். பேசாத டேங்க்கும் கம்ப்யூட்டரே ஓட்டுற டேங்க்கும் எனக்கு ஒண்ணுதானுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை பார்ப்போம். இல்லீன்னா டேங்க்கைக் கம்ப்யூட்டருக்கே விட்டுடலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. வாரம் முழுக்கத் துணியும் மருந்துமாகப் போகிற எனக்கு, என்னால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது என்று தோன்றுகிற இடம் அது ஒன்றுதான். ரஃபி அண்ணன் வாசலில் வண்டியை நிறுத்தி, "பேசு பாப்பா. மைக் இன்னா கடிக்கவா போது?" என்றார். அவருக்குக்கூட நான் தலையைத்தான் ஆட்டினேன்.

போன ஞாயிறு பூசைக்குப் போய் வந்து, அம்மா சாப்பிட்டுப் படுத்த பிறகு உன் ஹெட்போனை மாட்டினேன். மைக் நுனியில் இருந்த பஞ்சை நீ கடித்துக் கடித்துப் பாதிதான் மிச்சம் வைத்திருக்கிறாய். ரஃபி அண்ணன் தண்டையார்பேட்டையில் அவர் மச்சான் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தார். தரையில் நாங்கள் இரண்டு பேர், மேலே பிரவீண் அண்ணனும் இன்னும் சிலரும். பாதி வழி வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

எதிரித் தளத்துக்கு முன்னால் ஒரு வளைவில் நின்றோம். அங்கிருக்கும் பீரங்கிகளை நம் விமானங்கள் உடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். பின்னால் திரும்பிப் பார்த்தால் ரஃபி அண்ணன் என் டேங்க்கின் முதுகை உரசிக்கொண்டு நிற்கிறார். 'இடம் விடுங்க' என்று எழுதினேன். அவர் பார்க்கவில்லை. மறுபடி எழுதினேன். அதற்குள் சூரியன் இருந்த பக்கத்திலிருந்து ஒரு கறுப்புப் புள்ளி இறங்கியது.

"ரஃபிண்ணா, கேப் வுடு!"

அது என் குரல்தான் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"யாருங்க அது?" என்றார் பிரவீண் அண்ணன்.

"டேங்க்" என்றேன்.

"கேப் வுட்டா எவனாவது பூந்துடுவான் பாப்பா!" என்றார் ரஃபி அண்ணன்.

"இங்க எவனும் பூர மாட்டான்! பின்னால எடுண்ணா, சீக்கிரம்!"

"தோ, எடுத்துகினே கீறேன், கத்தாத!"

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தோட்டாக்கள் வரிசையாக மண்ணைக் கிளப்பிக்கொண்டு போயின. இரண்டு டேங்க்கும் தப்பியது. அதற்குப் பிறகு என் வாய் மூடவில்லை அண்ணா. எவன் தாழ வருகிறான், எவன் திரும்புகிறான், எந்தப் பீரங்கி இன்னும் சுடுகிறது, எல்லாம் சொன்னேன். பிரவீண் அண்ணன் "சரிங்க, சரிங்க" என்று அந்தப் பக்கமே திரும்பினார். தளத்துக்குள் நுழைகிற இடத்தில் ரஃபி அண்ணனின் சங்கிலி அறுந்து நின்றுவிட்டது. "நீ போ பாப்பா" என்றார். நான் மட்டும் உள்ளே போய் ஒரு கொட்டகைக்குப் பக்கத்தில், மரத்தடியில் நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றால் போதும், தளம் நம்முடையது.

உன்னிடம் எப்போதும் கேட்பதைக் கேட்டேன். "நான் நிக்கிற எடம் மேலேந்து தெரியுதா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவரவர்க்கு அவரவர் பின்னால் ஒரு விமானம். திரும்பக் கேட்டேன். கீழே பார்க்க ஒருவரும் இல்லை. என் திரையில் இலைகூட அசையாமல் மரம் நின்றது. குண்டு நேராக என் மேல் விழுந்தது.

தோற்றோம். ஹெட்போனைக் கழற்றலாம் என்று கையை வைத்தபோது பிரவீண் அண்ணன் பேசினார். "பரவாயில்லீங்க சிஸ்டர். கம்ப்யூட்டர் ஓட்டுற டேங்க் யாரையும் இப்படித் திட்டாதுங்க. அடுத்த வாரமும் வந்துடுங்க, கீழ நீங்க வேணும்." ரஃபி அண்ணன் விசில் அடித்தார். கொஞ்சம் பொறுத்துப் பிரவீண் அண்ணன் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார்.

"காக்கா இடத்துக்கு ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காருங்க. உங்களைக் கேக்காம சேர்க்கக்கூடாதுன்னு நிறுத்தி வெச்சிருக்கோம். சேர்த்துக்கலாமுங்களா?"

ரஃபி அண்ணன் விசிலை நிறுத்திவிட்டார். பக்கத்தில் உன் நாற்காலியைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டார்கள்.

"சேர்த்துக்குங்க" என்றேன். "ஆனா கீழ பாக்குற ஆளா சேர்த்துக்குங்க."

நான் சொன்னது சரிதானா? உன் இடத்தை நானே விட்டுக்கொடுத்துவிட்டேனா? அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, அவளுக்குப் புரிய வைக்க மூச்சில்லை எனக்கு.

வருகிறவருக்கு உன் விமானம் போகும். காக்கா என்ற பேரை மட்டும் கொடுக்க மாட்டேன். அவர் யாராக இருந்தாலும், நான் எங்கே நிற்கிறேன் என்று என் வாயாலேயே அவரிடம் சொல்வேன். பதில் வரவில்லை என்றால், வருகிற வரைக்கும் கேட்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

தரையில் இருந்தபடி,
உன் கூடப் பிறந்தவள்,
பாப்பா