செல்வியிடம் சொல்லாத கறிக்குழம்பு

தம்பி,

இன்று திண்டிவனம் பஸ் நிலையத்தில் வேர்க்கடலை வண்டியிலிருந்து மல்லாட்டை அவிக்கிற வாசனை வந்தது. உனக்கு முன்னால் உன் மனைவி செல்விதான் ஞாபகத்துக்கு வந்தாள். அதற்கே எரிச்சலாக இருந்தது.

கல்லீரல் கெட்டு, அது வடிகட்டாத கழிவு மூளைக்கு ஏறுகிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து உன் சாப்பாடு அவள் கைக்குப் போய்விட்டது. கறியை அடியோடு நிறுத்திவிட்டு, பாசிப்பருப்பு, தயிர், அவித்த மல்லாட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொடுப்பாள். அம்மா போன பிறகு உனக்குச் சோறு போட்டு வளர்த்தவள் நான். விழுப்புரத்தில் உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம், நீ அவளிடம் கிண்ணம் நீட்டுவதை விருந்தாளி மாதிரி உட்கார்ந்து பார்ப்பேன். வயிறு எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு கொண்டுவந்தேன்.

"அவ வர்றதுக்குள்ள ஜல்தியா போடுக்கா" என்று சிரித்தாய். வழித்துத் தின்றாய். எனக்கு ஜெயித்தது போல இருந்தது. அடுத்த இரண்டு ஞாயிறும் கொண்டுவந்தேன். மூன்றாவது ஞாயிறு கழிந்த மறுநாள், கை நடுங்க என்னைப் பார்த்து, "யாரும்மா நீங்க?" என்றாய்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கறி எதுனா குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார், பருப்பும் தயிரும்தான் குடுத்துகினு இருக்கேன்" என்றாள் செல்வி. நான் சுவரைப் பார்த்தேன்.

"மலச்சிக்கலும் சேந்துக்கிச்சி. பயந்துகினு புரதத்த நிறுத்திடாதீங்க, உடம்பு கரைஞ்சிடும். இப்ப குடுக்கறதையே பிரிச்சிப் பிரிச்சிக் குடுங்க" என்றார்.

மூன்றாம் நாள் தெளிந்தாய். பக்கத்தில் இருந்தது நான், நீ கேட்டது, "செல்வி எங்க?" பிறகுதான் என் கையைப் பிடித்து, "அக்கா, கறி விசயம் அவளாண்ட சொல்லாத" என்றாய்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் சமையலில்தான் நடமாடினாய். ஒருநாள் நானும் பருப்பு கடைந்து கொண்டுவந்தேன். "செல்வி இன்னும் நல்லா கொழைய வேக வெப்பா" என்றாய்.

நீ போன அன்று அவள் என் தோளில் விழுந்து அழுதாள். "அண்ணி, அன்னிக்கு ஆளே தெரியாம போனாரே, நான் எத மாத்திக் குடுத்தேன்னு இன்னும் தெரியலியே!" இப்போதும் போனில் அதையேதான் கேட்கிறாள்.

ஒரு வார்த்தை சொன்னால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் நம் இருவருக்கு மட்டும் என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதையும் அவளுக்குக் கொடுக்க மனம் வரமாட்டேன் என்கிறது, தம்பி.