இன்னும் டாக்டராகாதவளின் பதாகையை அகற்றக் கோரி

அனுப்புநர்:
தினேஸ்வரி ஜெயபாலன்,
பல் மருத்துவ இறுதியாண்டு மாணவி,
லகாட், ஈப்போ.

பெறுநர்:
திரு. விக்னேஸ்வரன் அவர்கள்,
மாநகர் மன்ற உறுப்பினர்,
ஈப்போ.

பொருள்: லகாட் சாலைச் சந்திப்பில் என் படத்துடன் கட்டப்பட்டுள்ள வாழ்த்துப் பதாகையை அகற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தன்னை வாழ்த்தும் பதாகையைத் தானே எடுக்கச் சொல்லி ஒருத்தி எழுதுவது தங்களுக்கு விந்தையாக இருக்கலாம். எழுதும் எனக்கும் சலிப்பாகத்தான் இருக்கிறது.

1. ‘எங்கள் தாமான் குடியிருப்பின் முதல் பல் டாக்டர்’ என்று அதில் உள்ளது. நான் இன்னும் டாக்டர் இல்லை. இறுதித் தேர்வே அடுத்த மாதம்தான். மன்றத்தின் அனுமதி பெறாமல் அதைக் கட்டியவர் என் தந்தை. வேலை பார்த்த ரப்பர் தோட்டம் விற்கப்பட்ட பின் தொழிற்சாலைக் காவலராக இருந்து என்னைப் படிக்க வைத்தவர். மரியாதைக்காக ஓரத்தில் தங்கள் படத்தையும் போட்டிருக்கிறார். பொறுத்தருள வேண்டும்.

2. ஒருவருக்காவது முழுப் பல் செட் பொருத்தி ஆசிரியரிடம் காட்டினால்தான் நான் தேர்வெழுத முடியும். எனக்குக் கிடைத்தவர் பக்கத்து வீட்டு நல்லம்மாள் அத்தை. கல்லூரிக்குப் பலமுறை பொறுமையாக வந்தவர், பதாகையைப் பார்த்த பிறகு வர மறுக்கிறார். “நீதான் டாக்டராயிட்டியே, இன்னும் என்னா காலேஜு? செட்ட எடுத்துட்டு வந்து வீட்டுலயே மாட்டி விட்டுடு லா” என்கிறார். உரிமம் இல்லாமல் அப்படிச் செய்வது குற்றம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று நினைக்கிறார். செட் கல்லூரி அலமாரியில் தயாராக இருக்கிறது. வாய்தான் வரவில்லை.

3. தந்தையிடம் சொன்னேன். “எப்படியும் பாஸ் பண்ணத்தானே போற” என்றார். பாஸ் செய்தாலும் அரசாங்க ஒப்பந்த வேலைதான், அதுவும் எப்போது, எங்கே என்று தெரியாது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்கு முன் எங்கள் கல்லூரியில் படித்து முடித்த பவித்ரன் அண்ணன் காத்திருந்து அலுத்து, இப்போது காப்புறுதி பாலிசி விற்கிறார். கடைக்குப் போனால் ஆளாளுக்கு என்னிடம் வாயைத் திறந்து காட்டுகிறார்கள். உண்மையாகவே களைத்துவிட்டேன், ஐயா.

ஆகவே பதாகையை இந்த வாரமே அகற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தந்தைக்கு அபராதம் வேண்டாம். புகார் செய்தது யார் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டாம்.

இன்னொன்று. தினமும் வேலைக்குப் போகும்போது அவர் அங்கே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் போகிறார். அவர் போன பிறகு ஆட்களை அனுப்புங்கள். கிழிக்காமல் அவிழ்த்துச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். தேர்ச்சி பெற்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

சிரமம் கொடுத்ததற்கு வருந்தும்,
தினேஸ்வரி

இடம்: லகாட்
நாள்: 12.5.2025